அடிக்குறிப்பு ஏழு

சனிக்கிழமை. நான்கு கணினியில் இரண்டுக்குத்தான் உயிர்.
மூன்றாவது விசிறி மட்டும் சுற்றும், சுடுகாற்று விடும்;
அதற்குப் பக்கத்து நாற்காலி விஜேகோனுக்கு.
ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்ந்தவர்,
மலைச் சுரங்கங்களைப் பற்றிச் சிங்களத்தில்
ஒற்றை விரலால் எழுதிக்கொண்டிருக்கிறார்,
மாதத்துக்கு ஒரு சுரங்கம்.

பிரதேச சபையின் பலகை அமைதி காக்கச் சொல்கிறது.
நாங்கள் சத்தம் போடுகிறோம்.

விக்கிப்பீடியாவில் கூனிப்பாறை என்று தேடினால்
எதுவும் வராது. கிளென்மோரா தோட்டம் என்றால் வரும்:
கடல் மட்டத்துக்கு மேலே நாலாயிரத்து இருநூறு அடி,
முதல் துரை பிறந்த ஊர், அவர் செத்த காய்ச்சல்,
அங்கே மட்டும் வாழும் ஒரு பல்லி,
அதன் கால்விரல் எத்தனை என்பது வரை.
குடியிருப்போர்: தரவு இல்லை.

கட்டுநாயக்கவில் சட்டைக் காலர் தைக்கிற ரொசாலின்
லீவில் வந்திருந்தாள். எழுதினாள்:
பிள்ளைக்காம்பிராவில் தொடங்கிய பள்ளிக்கு
ஊர்ச் சனமே கல் சுமந்து கட்டடம் எழுப்பியது.
பத்து நிமிஷம் அந்த வரி சும்மா இருந்தது.
பிறகு எங்கோ இருக்கிற எவரோ,
வன்மம் ஒன்றுமில்லை, வணக்கம் கூடச் சொல்லி,
அதன் வாலில் கட்டிவிட்டுப் போனார்:
மேற்கோள் தேவை.

"நான் அங்க படிச்சவ. நான்தான் மேற்கோள்."

இல்லை என்று சொல்லவேண்டிய ஆள் நான்.
நூலக உதவியாளர், தரம் மூன்று.
அச்சில் வந்திருக்க வேண்டும் என்றேன்,
யாராவது காசு கொடுத்து மை வாங்கியிருக்க வேண்டும்.
சொல்லிவிட்டு யோசித்தேன்,
எங்கள் பக்கத்தில் மை எதற்கெல்லாம் செலவானது:
செக்ரோல். கடன்சீட்டு. கட்டைவிரல்.

954.93இல் தேடினேன். அரசர்கள் இருந்தார்கள்.
தேயிலைக்குத் தனி எண் உண்டு, உரமும் நோயும் இருந்தன.
மூன்று சனி போனது.
'வகைப்படுத்தாதவை' அலுமாரியின் அடித்தட்டில்
ஒழுகிய கூரைக்கு முட்டுக் கொடுத்த வாளிக்குப் பின்னால்
ஒரு கும்பாபிஷேக மலர், அறுபத்தெட்டாம் ஆண்டு.
பக்கம் இருபத்திரண்டு.
பள்ளிக்குக் கல் சுமந்தோர் என்று தலைப்பு,
கீழே வரிசையாகப் பெயர்கள், முப்பத்தெட்டு.
அதற்கு மேல்
ராமபாணப் பூச்சி வாசித்து முடித்திருந்தது.

போனுக்குச் சார்ஜ் போட வந்த ஆட்டோக்காரர் காத்தமுத்து
எட்டிப் பார்த்தார். முதலிலிருந்து படித்தார்,
கடைசியிலிருந்தும் படித்தார்.
"எங்கப்பா பேரு இங்கதான் இருந்திருக்கும்"
ஓட்டையில் விரலை வைத்தார்.
தாளைத் திருப்பினால் சோடாக் கம்பெனி விளம்பரம்,
அதே இடத்தில் அதிலும் ஓட்டை.
"வீரபத்திரன்னு போடு தங்கச்சி. ஊருக்கே தெரியும்."

ரொசாலின் என்னைப் பார்த்தாள்.
விசைப்பலகை அவளுக்கு முன்னால்தான் இருந்தது,
அடித்திருந்தால் நான் தடுத்திருப்பேனா தெரியாது.
அவள் அடித்தது:
குறைந்தது முப்பத்தெட்டுப் பேர்.
பக்கத்தில் சின்னதாக, மேலே தூக்கி, ஏழு.

"குறைந்ததுன்னா?"

நான் வாய் திறக்கும் முன் விஜேகோன்
தனக்கு வந்த தமிழில் சொன்னார்:
"இன்னும் ஆள் இருக்கு. எழுதினவங்களுக்கு அது தெரியும்."
பிறகு தன் சுரங்கத்தைப் பாதியில் விட்டுவிட்டு
அதே வரியைச் சிங்களப் பக்கத்தில் ஏற்றினார்.
அவம வஷயென், அவம வஷயென் என்று
முணுமுணுத்தபடி எழுத்துகளைத் தேடினார்.
காத்தமுத்து அந்தச் சொல்லை மட்டும்
படம் பிடித்துக்கொண்டார்,
பன்னிரண்டு சதவீதச் சார்ஜில்.

மலருக்கு இப்போது சேர்க்கை எண் உண்டு.
இரவல் கிடையாது.

அடுத்த சனி மழை. கதவைத் திறந்ததும்
ரொசாலின் கூனிப்பாறை என்று தேடினாள். வந்தது.
கிளென்மோரா தோட்டம் என்று கொட்டை எழுத்து,
அதற்குக் கீழே பொடியாய் ஒரு வரி:
கூனிப்பாறை என்பதிலிருந்து வழிமாற்றப்பட்டது.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"மாத்திப் போட்டிருக்காங்க அக்கா.
அதுலருந்துதான் இதுக்கு வரணும்."

அதற்கு எத்தனை மேற்கோள் கேட்பார்களோ.
வாளி நிறைந்திருந்தது. கொட்டிவிட்டு வந்து
அலுமாரியின் அடுத்த தட்டை இழுத்தேன்.